கர்த்தூம் காணாத கண்காட்சி

இலண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையில், ஒரு காலத்தில் மின்நிலையமாக இருந்து, 2000-ஆம் ஆண்டு முதல் கலைக்கூடமாக விளங்கிவரும் பெருங்கட்டடம் ஒன்றுண்டு. டேட் மாடர்ன் என்பது அதன் பெயர். 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் செப்டம்பர்த் திங்கள் வரை அங்கே சூடான் நாட்டு ஓவியர் ஒருவரின் வாழ்நாட் பணியை ஒருங்கே தொகுத்துக் காட்டும் கண்காட்சி நடைபெற்றது. ஆப்பிரிக்க நவீன ஓவியர் ஒருவருக்கு அக்கூடம் இவ்வகைச் சிறப்பைச் செய்தது அதுவே முதன்முறை. இப்ராஹீம் அஸ்ஸலாஹி என்பது அவ்வோவியரின் பெயர். 1930-இல் உம்துர்மானில் பிறந்தவர்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சூடானியர் ஸலாஹ் ஹஸன் என்பவர் இக்கண்காட்சியைத் தொகுத்தார். இலண்டனுக்கு வருமுன், 2012-இல் ஷார்ஜாவிலும், அதன்பின் கத்தார் தலைநகர் தோஹாவிலும் அது வைக்கப்பட்டது. ஷார்ஜா, தோஹா, இலண்டன் என்ற இம்மூன்று நகரங்களின் பெயர்களையும் படிப்பவர் உள்ளத்தில் ஒரு வினா எழாமற் போகாது. ஓவியர் பிறந்து, படித்து, கற்பித்து, பதவி வகித்து, சிறையும் இருந்த நகரம் எங்கே? நைல் நதியின் இரு கரைகளிலும் எதிரெதிரே நிற்கும் உம்துர்மானும் கர்த்தூமும் அப்பட்டியலில் இடம்பெறாதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண, ஒரு மனிதரின் வரலாற்றோடு ஓர் எழுத்தின் வரலாற்றையும் ஒரு நாட்டின் வரலாற்றையும் சேர்த்துக் காணவேண்டியுள்ளது.

பலகையும் மையும்

சூடானில் சிறுவர் குர்ஆன் ஓதக் கற்கும் இடத்தைக் ‘கல்வா’ என்பர். ஸலாஹியின் தந்தையார் மார்க்கக் கல்வி கற்பித்த ஆசிரியர். தம் இல்லத்திலேயே கல்வா நடத்தியவர். இப்ராஹீம் தம் முதல் எழுத்தைக் கற்றது அங்கேதான். மரப்பலகையில் நாணற் கலத்தால் பாடத்தை எழுதி, ஓதி, மனத்தில் நிறுத்தியபின் பலகையைக் கழுவி, அடுத்த பாடத்தை எழுதுவது அந்நாட்டு முறை. விளக்குக் கரியையும் கருவேலம் பிசினையும் குழைத்து மை செய்துகொள்வர். குர்ஆனின் குறிப்பிட்ட பகுதியை முடித்த மாணவனின் பலகையைக் கோடுகளாலும் பூ வேலைகளாலும் அழகுபடுத்துவர். ‘ஷரஃபா’ எனப்படும் இவ்வழகுபடுத்தல், அம்மாணவனுக்குச் செய்யப்படும் கண்ணியமாகும்.

உலகின் பெரும்பகுதி முஸ்லிம்கள் ஹஃப்ஸு ரிவாயத்தில் குர்ஆனை ஓத, சூடானில் அபூ அம்ரு அவர்களின் கிராஅத்தை அத்தூரீ ரிவாயத்தில் ஓதும் வழக்கம் நெடுங்காலமாக நிலைத்து வந்திருக்கிறது. ஓசையில் தமக்கென ஒரு மரபைக் காத்து வந்த மக்கள், எழுத்தின் தோற்றத்திலும் தமக்கென ஒரு மரபைக் கொண்டிருந்தார்கள் என்பதில் வியப்பில்லை. எழுத்து, ஓசை, அழகு ஆகிய மூன்றும் ஒரே பலகையில் ஒன்றுசேர்ந்திருந்த சூழலில் அச்சிறுவர் வளர்ந்தார். எழுதுவது வேறு, வரைவது வேறு என்று அவருக்கு அப்போது எவரும் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துச் சொன்னது பின்னர் வந்த கல்வி.

இலண்டனும் திரும்பிய வழியும்

1885-இல் மஹ்தியின் படையினரால் கர்த்தூமில் கொல்லப்பட்ட ஆங்கிலத் தளபதி கார்டனின் நினைவாக, ஆங்கிலேயர் 1902-இல் அந்நகரில் ஒரு கல்லூரியைத் திறந்தனர். அக்கல்லூரியின் ஓவியப் பிரிவில் ஸலாஹி பயின்றார். 1954-இல் உதவிநலம் பெற்று இலண்டனிலுள்ள ஸ்லேட் கலைப்பள்ளிக்குச் சென்றார். ஐரோப்பியரின் எண்ணெய் வண்ண முறையையும், உருவ அமைப்பையும், ஒளி நிழற் கணக்கையும் செவ்வனே கற்றார். அதே நகரின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பழைய அரபுக் கையெழுத்துப் படிகளையும் கண்டு ஆராய்ந்தார். அவர் அங்கிருந்தபோதே, 1956 ஜனவரி முதல் நாளன்று சூடான் விடுதலை பெற்றது.

1957-இல் தாயகம் திரும்பிய அவர், கர்த்தூமில் ஆசிரியப் பணி ஏற்றார். இலண்டனில் கற்றதைத் தம் மக்களுக்குக் காட்ட விரும்பி, கர்த்தூமின் பெரிய ஹோட்டலில் தம் ஓவியங்களைப் பரப்பி வைத்தார். திறப்பு நாளன்று கூட்டம் வந்தது. உபசரிப்பை ஏற்றுக்கொண்டு போனார்கள். மறுநாள் முதல் ஒருவரும் வரவில்லை. மீண்டும் முயன்றபோதும் அதுவே நிகழ்ந்தது.

அறிஞர்கள் பலர் இத்தகைய தருணத்தில் மக்களைக் குறை கூறுவர். இவர்களுக்குக் கலை தெரியாது, இரசனை இல்லை என்பர். ஸலாஹி அவ்வாறு கூறவில்லை. மக்களின் கண்ணுக்கும் தம் கைக்கும் இடையே எங்கோ ஒரு பாலம் அறுந்திருக்கிறது என்று கருதினார். தூரிகையைச் சிறிது காலம் கீழே வைத்துவிட்டு நாட்டைச் சுற்றிப் புறப்பட்டார். பாமர மக்களின் வீடுகளில் என்ன இருக்கிறது, அவர்கள் எதை அழகென்று கொண்டிருக்கிறார்கள் என்று கண்டு வந்தார். சுவர்களில் அரபு எழுத்தணிகள் இருந்தன. பாய்களிலும், கூடைகளிலும், ஒட்டகச் சேணங்களிலும், மரப்பாத்திரங்களிலும் ஆப்பிரிக்க மண்ணின் கோலங்கள் இருந்தன. இரண்டையும் அம்மக்கள் வேறுபாடின்றி ஒரே வீட்டில் வைத்திருந்தார்கள்.

திரும்பி வந்தவர், தம் ஓவியத்தின் ஒரு மூலையில் சிறிதாக அரபு எழுத்துகளைப் பொறித்தார். மக்கள் சற்று அருகே வந்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கினார், மேலும் அருகே வந்தார்கள். அதன்பின் எழுத்தையே உடைத்துப் பார்த்தார். அலிஃபின் நிமிர்வையும், நூனின் குழிவையும், ஐனின் திறப்பையும் தனித்தனியே பிரித்து, அவற்றுக்கு நடுவேயுள்ள வெற்றிடத்தையும் நோக்கினார். அவ்வெற்றிடங்களிலிருந்து மனித முகங்களும், பறவைகளும், செடிகொடிகளும், பிறைகளும் தோன்றலாயின. இலண்டனிலிருந்து கொணர்ந்த ஒளிமிக்க வண்ணங்களும் மாறின. சூடானின் மண்ணைப்போன்ற காவியும், பழுப்பும், கறுப்பும், வெண்மையுமே எஞ்சின.

1961 முதல் 1965 வரை அவர் வரைந்த ‘குழந்தைப் பருவக் கனவுகளின் மறுபிறப்பொலிகள்’ என்னும் ஓவியம் இம்மாற்றத்தின் கனி. இரண்டரை மீட்டருக்கும் சற்று மிகுந்த சதுரமான பருத்தித் துணியில், நெடிய உருவங்கள் முகமூடி அணிந்தவைபோல் நிற்கின்றன. எண்ணெய் வண்ணத்தோடு இனாமல் வண்ணமும் கலந்து வரைந்தது. இன்று அது டேட் தொகுப்பில் உள்ளது. தந்தையார் வபாத்தானபின் 1964-இல் வரைந்த ‘இறுதி ஒலி’ என்னும் ஓவியம் இன்னொன்று. உயிர் பிரியும் வேளையில் அருகிருப்போர் ஓதும் ஓசையைக் கண்ணுக்குக் காட்ட முயன்ற படைப்பு அது. ஸகராத்து வேளையில் யாஸீன் ஓதும் வீட்டில் இருந்தவர் எவருக்கும் அதன் பொருளை விளக்கத் தேவையில்லை.

எழுத்தை உடைக்கலாமா?

இவ்விடத்தில் நம் வாசகர்கள் இரு ஐயங்களை எழுப்புவர்; எழுப்புவதும் முறையே.

முதலாவது, உருவம் வரைதல் பற்றியது. உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றி ஹதீஸ்களில் வந்துள்ள கண்டிப்பையும், அதன் எல்லை குறித்து ஃபுகஹாக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டையும் நாம் அறிவோம். அதில் தீர்ப்புக் கூறுவது வரலாற்றுக் கட்டுரையின் பணியன்று. எனினும் ஓர் உண்மையைச் சொல்லலாம். அக்கண்டிப்பு முஸ்லிம்களின் அழகுணர்வை வறளச் செய்துவிடவில்லை. அதை எழுத்தின் பக்கம் திருப்பியது. வேறெந்தச் சமுதாயமும் தன் எழுத்துக்கு இத்துணைக் கலைச்சிறப்பை அளித்ததில்லை என்று கூறுமளவுக்கு அவ்வழியே பெருகி ஓடியது. ஸலாஹியின் உருவங்களும் உயிருள்ள ஒருவரைப் பார்த்து எழுதிய படங்களல்ல. பெரும்பாலும் எழுத்தின் எலும்பிலிருந்து எழுந்தவை.

இரண்டாவது ஐயம் இன்னும் நுட்பமானது. அரபு எழுத்துள்ள காகிதம் காலடியில் கிடந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் சமுதாயம் நம்முடையது. அவ்வெழுத்தைத் துண்டு துண்டாக்கலாமா? இதற்கு விடை கூற, பத்தாம் நூற்றாண்டு பக்தாதுக்குச் செல்லவேண்டும். அப்பாஸியக் கலீஃபாக்களிடம் அமைச்சராயிருந்த இப்னு முக்லா, 886-இல் பிறந்தவர். கலத்தின் நுனி ஒருமுறை பதிந்தால் விழும் சாய்சதுரப் புள்ளியை அளவுகோலாகக் கொண்டு, அலிஃபுக்கு இத்தனை புள்ளி உயரம், அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தினுள் ஏனைய எழுத்துகள் என்று அவர் கணக்கு வகுத்தார். இன்று நம் கையிலுள்ள முஸ்ஹஃபின் எழுத்தழகு அக்கணக்கின் வழிவந்ததே. எழுத்தைப் புள்ளியாகவும் கோடாகவும் வளைவாகவும் பிரித்துப் பார்த்திராவிடில் அக்கணக்குப் பிறந்திராது. ஆகவே எழுத்தைப் பிரித்தறிவது அவமதிப்பாகாது. மரியாதையோடு செய்யின் அதுவும் ஓர் இல்மே. ஸலாஹி பிரித்தது எழுத்தின் வடிவத்தை, இறைவசனத்தையன்று.

இப்னு முக்லாவின் முடிவையும் இங்கே நினைவுகூர வேண்டும். அரண்மனைச் சூழ்ச்சிகளில் சிக்கிப் பதவி இழந்தார். அழகிய எழுத்தைத் தந்த அவ்வலக்கையைத் துண்டித்தார்கள். முழங்கையில் கலத்தைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பர். 940-இல் சிறையிலேயே மரணமெய்தினார். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர், அரசுப் பதவியும் எழுத்தும் சிறையும் இன்னொரு மனிதரின் வாழ்விலும் ஒன்றுசேர்ந்தன.

ஒரு பள்ளியின் பெயர்

கர்த்தூமில் ஸலாஹி தனியாளாக இருக்கவில்லை. அவருக்கு முன்னரே அரபு எழுத்தணிக் கலையை நவீனக் கல்வியோடு இணைத்தவர் உஸ்மான் வகீஉல்லாஹ் (1925-2007). உடன் உழைத்தவர்களுள் அஹ்மத் ஷிப்ரைன், கமாலா இப்ராஹீம் இஸ்ஹாக் என்னும் அம்மையார் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். கயானா நாட்டைச் சேர்ந்த ஓவியரும் அறிஞருமான டெனிஸ் வில்லியம்ஸ் இவர்களைக் ‘கர்த்தூம் பள்ளி’ என்று அழைத்தார், அப்பெயரே நிலைத்தது.

எதிர்ப்பும் வராமலில்லை. 1976-இல் கமாலா அம்மையாரும் இளைய தலைமுறையினர் சிலரும் ‘பளிங்கியர்’ என்ற பெயரில் அறிக்கையொன்றை வெளியிட்டு, எழுத்தும் மரபுக்கோலமும் மட்டுமே சூடானியக் கலையாகாது என்று வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் உண்டு. எந்த மரபும் வாய்பாடாகிவிட்டால் உயிரிழக்கும். ஆயினும், அவ்வாறு வாதிட அவர்களுக்கு ஒரு மேடை இருந்ததற்குக் காரணமே, முன்னவர்கள் ஒரு பள்ளியை எழுப்பியிருந்தார்கள் என்பதுதான்.

சிமெண்டுப் பையும் மணலும்

1969 மே மாதத்தில் நுமைரி படைப்புரட்சியால் ஆட்சியைப் பிடித்தார். அவ்வாண்டு முதல் இலண்டன் தூதரகத்தில் பண்பாட்டுத் துறை உதவி அதிகாரியாய்ப் பணியாற்றிய ஸலாஹி, 1972-இல் தாயகம் அழைக்கப்பட்டுப் பண்பாட்டுத் துறையில் இயக்குநரானார். அமைச்சின் துணைச் செயலர் நிலைக்கும் உயர்ந்தார். 1975 செப்டம்பரில் நுமைரிக்கெதிரான படைப்புரட்சி ஒன்று தோல்வியுற்றது. அதை நடத்தியவர் ஸலாஹியின் உறவினர். அதில் இவருக்கும் பங்குண்டென்று குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். விசாரணை என்பதே இல்லை. கர்த்தூம் வடக்கிலுள்ள கோபர் சிறையில் ஆறு மாதமும் எட்டு நாளும் இருந்தார்.

அங்கே எழுதுவதும் வரைவதும் தடுக்கப்பட்டிருந்தன. காகிதமும் எழுதுகோலும் வைத்திருப்பவர் தனிக்கொட்டடிக்கு அனுப்பப்படுவார். ஆனால், பலகையைக் கழுவிக் கழுவி எழுதிப் பழகிய கை ஓயுமா? சிமெண்டுப் பைகளின் காகிதத்தைச் சிறு சிறு துண்டுகளாகக் கிழித்து அவற்றில் வரைந்தார். காவலர் வரும் ஓசை கேட்டால் மணலைத் தோண்டிப் புதைத்துவிடுவார். விடுதலையானபோது அவற்றை எடுத்துவர இயலவில்லை, மண்ணுக்குள்ளேயே விட்டுவந்தார். விடுதலைக்குப் பிறகும் வீட்டுக்காவல் இருந்தது. அப்போது, 1976-இல், சிறையில் கண்டதையும் நினைத்ததையும் ஒரு குறிப்பேட்டில் கறுப்பு மையால் வரைந்தும் எழுதியும் வைத்தார். அக்குறிப்பேடு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இன்று காக்கப்படுகிறது.

1977-இல் நாட்டைவிட்டு வெளியேறிக் கத்தாரில் பணியேற்ற ஸலாஹி, 1998-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் குடியேறினார். தாயகத்தை இழந்தார்; ஆனால் சிறை கற்பித்த ஒரு பாடத்தை இழக்கவில்லை. ஒரு சிறு துண்டில் ஒரு கருவைத் தொடங்கி, அதன் பக்கத்தில் இன்னொரு துண்டைச் சேர்த்து, அது வளரும் திசையில் அதை வளரவிடும் முறையே அப்பாடம். அவ்வாறு ஒன்பது பலகைகள் சேர்ந்து 1984-85-இல் உருவானதுதான் ‘தவிர்க்கவியலாதது’ என்னும் கறுப்பு வெள்ளை ஓவியம். 1985 ஏப்ரலில் சூடான் மக்கள் தெருவிலிறங்கிப் போராட, நுமைரி ஆட்சி வீழ்ந்தது. அவ்வெழுச்சியின் ஓவியமாகவே அதை உலகம் காண்கிறது. அதுவும் இன்று அமெரிக்காவில், கார்னெல் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மழையில் உதிரும் மரம்

முதுமைக் காலத்தில் ஸலாஹி திரும்பத் திரும்ப வரைந்தது ஒரு மரத்தை. நைல் கரைகளில் வளரும் ஹராஸ் என்னும் வேல மரம் அது. ஏனைய மரங்கள் தழைக்கும் மழைக்காலத்தில் அது இலையுதிர்த்து நிற்கும். எல்லாம் காய்ந்து கருகும் கோடையில் அது பசுமையாய் நிழல் தரும். தம் நாட்டு மக்களின் இயல்புக்கு அதனை அவர் உவமையாகக் கண்டார். மிகைப்படுத்திய உவமையன்று. முதுகுவலியால் பெரிய பலகைகளின் முன் நிற்கவியலாத நிலை வந்தபோது, தாம் உண்ணும் மருந்துகளின் சிறு அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, அவற்றின் உட்புறத்தில் வரைந்தார். பின்னர் அவற்றையே பெரிதாக்கித் துணியில் பதித்தனர். பலகை, சிமெண்டுப் பை, மருந்துப் பெட்டி: கிடைத்ததில் எழுதுவதென்பது அவருக்குக் கல்வா காலத்திலிருந்தே வந்த வழக்கம்.

யாருக்கு யார் காட்டியது?

இனி முதல் வினாவுக்கு வருவோம். 2012, 2013-ஆம் ஆண்டுகளில் அக்கண்காட்சி சுற்றியபோது, 1989-இல் படைப்புரட்சியால் வந்த பஷீரின் ஆட்சி கர்த்தூமில் நடந்துகொண்டிருந்தது. ஷார்ஜாவில் பணமும் அருங்காட்சியகமும் இருந்தன. தோஹா அவர் இருபதாண்டுகள் அடைக்கலம் புகுந்த ஊர். இலண்டன் அவருக்குக் கற்பித்த ஊர். இம்மூன்றும் அவருக்கு நன்றி பாராட்டியதில் தவறில்லை. ஆனால், எந்த மக்கள் அருகே வரவேண்டும் என்பதற்காக அவர் எழுத்தை ஓவியத்தின் மூலையில் வைத்தாரோ, அம்மக்களின் வாசலுக்கு அத்தொகுப்பு செல்லவில்லை. பெரிய ஹோட்டலுக்கு அவர்கள் வராமற் போனது அவர்களின் விருப்பம். இம்முறை அவர்களுக்கு அவ்விருப்பத்துக்கும் இடமில்லாமற் போயிற்று. கர்த்தூம்வாசி ஒருவர் தம் நாட்டு ஓவியரை முழுமையாய்க் காணக் கடவுச்சீட்டும், விசாவும், விமானச் செலவும் வேண்டியிருந்தன.

2019 ஏப்ரலில் பஷீர் ஆட்சியும் வீழ்ந்தது. அம்மாதங்களில் கர்த்தூமில் படைத் தலைமையகத்தின் முன் அமர்ந்திருந்த இளைஞர்கள் அச்சுற்றுவட்டாரச் சுவர்களையெல்லாம் ஓவியங்களால் நிரப்பினர். அவ்வாண்டு ஜூன் 3-ஆம் நாள் அக்கூட்டம் இரத்தக்களரியில் கலைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் 15-ஆம் நாள் இரு படைகளுக்கிடையே போர் மூண்டது. மக்கள் இலட்சக்கணக்கில் வீடிழந்து ஓடினர். கர்த்தூமிலுள்ள தேசிய அருங்காட்சியகம் சூறையாடப்பட்டது. இதைக் கேட்கும்போது, அக்கண்காட்சி கர்த்தூமுக்குச் செல்லாததே நன்மையாயிற்று, ஓவியங்களாவது பிழைத்தன என்று எண்ணத் தோன்றும். அவ்வெண்ணத்தில் உண்மை உண்டு, ஆறுதல் இல்லை. ஒரு சமுதாயத்தின் செல்வம் பிறர் வீட்டில்தான் பத்திரமாயிருக்கும் என்ற நிலை, அச்செல்வத்துக்குப் பாதுகாப்பாகலாம். அச்சமுதாயத்துக்கு அது இழப்பே.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர், தம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கட்டும். அரபு எழுத்தைத் தமிழோசைக்கு ஏற்ப வளைத்து, புள்ளி கூட்டி, அரபுத்தமிழ் கண்டவர்கள் நம் முன்னோர். சூடான் தன் எழுத்தில் தன் மண்ணைக் கலந்ததுபோல், நாமும் கலந்தோம். நம் பாட்டிமார் ஓதிய அக்கிதாபுகளுள் எத்தனை கரையானுக்கு இரையாயின, எத்தனை பழங்காகிதத்தோடு எடைக்குப் போயின என்பதை அவரவர் குடும்பம் அறியும். அவற்றை அழித்தது எந்தப் போரும் அன்று. எஞ்சியவற்றையேனும் எடுத்துத் துடைத்து, எழுதியவர் பெயரையும் ஆண்டையும் படிக்கத் தெரிந்தவரைக் கொண்டு படிக்கச் செய்து, பிள்ளைகளுக்குக் காட்டுவது நம் கையில் உள்ளது.

கோபர் சிறையின் மணலுக்குள் புதைக்கப்பட்ட அத்துண்டுக் காகிதங்களை எவரும் தோண்டி எடுத்ததாகச் செய்தியில்லை. எந்தக் கண்காட்சியிலும் இடம்பெறாத அவ்வோவியங்கள்தாம், கர்த்தூமின் மண்ணை விட்டு நீங்காதவை.